செருப்புக் காவல்

தம்பி, உங்க சீட்டுக்கு முன்னால வலைப் பைக்குள்ள ஒரு பேப்பர் கவர் இருக்கு பாருங்க. அது உங்களுக்கு வேணுமா? வேண்டாம்னா இங்க குடுத்துருங்க. என்னோடது ஒண்ணு இருக்கு, இருந்தாலும் இன்னொண்ணு கையில இருந்தா நல்லது. கண்ணாடி போட்டு வைக்கதுக்கு. வேற எதுக்கு? முப்பத்தாறு வருசம் துறைமுகத்துல வேலை பாத்தவன் நான். ஆடுதது அசையுதது எல்லாம் எனக்கு ஒரு விசயமே கிடையாது.

தூத்துக்குடி. நீங்க? மதுரையா, நல்லது. மெட்ராஸ்ல பிளேனை விட்டு இறங்கி எனக்கு இன்னும் ஒரு ராத்திரி ரயில் இருக்கு.

தனியாப் போறேனான்னு கேக்கீங்களா? இல்ல. வீட்டம்மா வந்திருக்கா. அந்தா, முன்னால, பதினேழாவது வரிசை. ஜன்னலோரமா கொண்டை தெரியுதுல்ல, அதுதான். நம்ம வரிசை முப்பத்திநாலு. சேந்து சீட்டு கிடைக்கலையான்னு கேக்காதீங்க, கிடைச்சுது. நீங்க உக்காந்திருக்கிறதே அவளுக்குப் போட்ட சீட்டுதான். கவுன்ட்டர்ல நின்ன பொண்ணுகிட்ட, தெரிஞ்ச நாலு இங்கிலீஷ் வார்த்தையை வச்சுக்கிட்டு, தண்ணி தெரியுத மாதிரி ஜன்னல் வேணும்னு கேட்டு வாங்கிட்டுப் போய் உக்காந்துட்டா. பக்கத்து சீட்டு காலிதான். அதுல கைப்பையைத் தூக்கி வச்சிருக்கா. நான் ஏறும்போதே பாத்துட்டேன்.

எல்லாம் அந்தக் கப்பலால வந்தது. கப்பல்னா நம்ம கப்பல் இல்ல. வெட்டிக் கப்பல்.

துறைமுகத்துல வேலைன்னதும் மூட்டை தூக்குனேன்னு நெனைச்சிராதீங்க. எந்தக் கப்பல் எந்த பெர்த்துல நிக்கணும், எத்தனை மணிக்கு உள்ள வரணும், எப்ப வெளிய போவணும், எல்லாம் என் பேனா நுனியிலதான். நெலக்கரியா, உரமா, தேக்கு மரமா, என்ன சரக்கு வந்தாலும் ஏஜென்ட் என் மேசை முன்னால வந்து நின்னுதான் ஆவணும். அப்படிப்பட்டவனை ஜெர்மனிக்குக் கூட்டிட்டுப் போய், விடுமுறைக்குன்னு வந்த எடத்துல, கப்பல் காட்டுதேன்னு ஒருத்தி கிளம்புனா எப்படி இருக்கும்? எம்மவதான். பிரிஸ்கா. அங்கதான் மூணு வருசமா வேலை பாக்கா.

"டாடி, ஞாயித்துக்கிழமை நாம கப்பல் திருவிழாவுக்குப் போறோம்"னா.

திருவிழான்னா எங்க ஊர்ல பனிமய மாதா தேரு. சுத்துப்பட்டு எல்லாம் வந்து நிக்கும். இவங்க திருவிழாவைப் போய்ப் பாத்தா மாதாவும் இல்ல, தேரும் இல்ல. வடக்குக் கரையில ஒரு ஊரு. பேரு வாயில நுழையாது. ஆத்து ஓரமா பழைய பாய்க்கப்பலை எல்லாம் வரிசையாக் கட்டிப் போட்டிருக்கான். மூணு பாய்மரம் வச்சது, நாலு மரம் வச்சது, கயிறு மேல கயிறு, கொடி மேல கொடி. கீழ லட்சம் சனம் கையில பீரை வச்சுக்கிட்டு அண்ணாந்து பாக்கு. அதுல பாதிப் பேரு கடல் கொள்ளைக்காரன் வேசம். எழுவது வயசுக் கிழவன் ஒரு கண்ணுல கறுப்புத் துணியைக் கட்டிக்கிட்டு, தோள்ல பொம்மைக் கிளியை வச்சுக்கிட்டு நிக்கான். பேரப்பிள்ளைங்க அவனைக் கண்டு பயப்படவாச்சும் செய்யுதா? அதுவும் இல்ல.

நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். அங்க ஒரு தாடிக்காரன் காதுல கம்மல் போட்டுக்கிட்டு கப்பலைப் பத்தி விளக்கிக்கிட்டு இருந்தான். எம்மவளை விட்டுக் கேக்கச் சொன்னேன். "இது என்ன சரக்கு ஏத்தும்?"

"சரக்கு எதுவும் ஏத்துறதில்லையாம் டாடி. சும்மா ஓட்டுறாங்களாம். ஆசைக்கு."

கேட்டீங்களா? சரக்கு இல்லாத கப்பல். காத்து வந்தாப் போவும், வராட்டி நிக்கும். இதுக்குக் கைதட்டு. எங்க துறைமுகத்துக்குள்ள இப்படி ஒண்ணு வந்து நின்னா பெர்த்து குடுப்பேனா நான்? வெளியவே நில்லுன்னு சொல்லியிருப்பேன்.

சாப்பாடாவது உண்டான்னு பாத்தா, புகையில வாட்டுன மீனை ரொட்டிக்குள்ள திணிச்சுக் குடுக்கான். உப்பு இல்ல, உறைப்பு இல்ல. நான் தொடல. அன்னைக்குக் காலையிலயும் நான் ஒண்ணும் சாப்பிடல. பசிக்கல. சட்டைப் பையில ஒரு மாத்திரை மட்டும் வச்சிருந்தேன். என்ன மாத்திரைன்னு பிரிஸ்கா கேட்டா. தலைவலின்னு சொன்னேன்.

எங்க வீட்டம்மா? அவ பேரு சலேத். நாப்பது வருசமா என் கூட இருக்கா, எங்க போனாலும் எனக்கு முட்டுவலி, எனக்குக் குளிருதுன்னு ஏதாவது சொல்லிக்கிட்டே வருவா. அன்னைக்கு ஒண்ணும் இல்ல. சேலைக்குக் கீழ மவ வாங்கிக் குடுத்த வெள்ளை ஷூவைப் போட்டுக்கிட்டு, அண்ணாந்து பாத்துக்கிட்டே நடக்கா. ஒரு எடத்துல நின்னு, மேல கையைக் காட்டி, "அந்தக் கயிறு தளர்ந்து கிடக்கு"ன்னா. அவ்வளவுதான் சொன்னா. கொஞ்ச நேரத்துல ஒரு ஆள் மேல ஏறி அதை இழுத்துக் கட்டுனான். தற்செயலா நடந்தது அது.

அவ தண்டல் மவ. தண்டல்னா தெரியுமா உங்களுக்கு? தோணிக்குக் கேப்டன். எங்க ஊர்லயிருந்து கொழும்புக்கு வெங்காயம், கருவாடு ஏத்திட்டுப் போவும்லா, பாய் கட்டுன தோணி, அதுல எங்க மாமனார் லசார் மோத்தா முப்பது வருசம் தண்டல். படிப்பு கிடையாது. நான் துறைமுக ஆபீஸ்ல உத்தியோகம் வாங்குன கையோட பொண்ணு குடுத்தாங்க. அந்தத் தோணிப் பேச்சை நான் வீட்டுக்குள்ள அனுமதிச்சதில்ல. பின்ன என்ன, ஆபீஸ்ல நாலு பேரு என்ன நெனைப்பான்?

ஒரு தடவை மாமனார் வீட்டுக்கே வந்து கேட்டாரு. கல்யாணம் ஆயி நாலு வருசம் இருக்கும். தோணியில பாயை இறக்கிட்டு மிசின் வைக்கப் போறாங்க, அதுக்கு முன்னால வீட்டு ஆளுங்களை எல்லாம் ஏத்தி முயல்தீவு வரைக்கும் பாயோட கடைசியா ஒரு சுத்து. "மாப்ளை, மவளை அனுப்பி வைங்க, நீங்களும் வாங்க"ன்னு வாசல்ல நின்னே கேட்டாரு. இவ விடியுமுன்னே எந்திரிச்சுப் புளிச்சோறு கட்டி, தூக்குவாளியில போட்டு ரெடியா வச்சிருக்கா. நான் முடியாதுன்னுட்டேன். கவர்மென்ட் உத்தியோகஸ்தன் பொண்டாட்டி தோணியில ஏறி நிக்கதான்னு பேச்சு வந்தா நல்லாவா இருக்கும்? கௌரவம்னு ஒண்ணு இருக்குல்ல? அவ மத்தியானம் அந்தப் புளிச்சோத்தையே எனக்குப் பரிமாறுனா. ரெண்டு வருசத்துல மாமனார் போய்ச் சேந்துட்டாரு. அதோட அந்தப் பேச்சு முடிஞ்சுது. முடிஞ்சுதுன்னுதான் நான் நெனைச்சுக்கிட்டு இருந்தேன்.

சரி, கப்பலுக்கு வாரேன். பிரிஸ்கா எங்க நாப்பதாவது கல்யாண நாளுக்குன்னு சொல்லி, எங்களுக்குத் தெரியாம டிக்கெட் எடுத்து வச்சிருக்கா. மூணு மரம் வச்ச கப்பல்ல, மூணு மணி நேரம், கடலுக்குள்ள போயிட்டு வரணும். என் கையில டிக்கெட்டைக் குடுக்கும்போது அவ மூஞ்சியைப் பாக்கணுமே, பரிசு வாங்குன பிள்ளை மாதிரி.

ஏறுத வரிசையில நிக்கோம். முன்னால சலேத், பின்னால பிரிஸ்கா, அதுக்குப் பின்னால நான், எனக்குப் பின்னால அறுபது எழுவது வெள்ளைக்காரங்க. கப்பலுக்கு ஏறுத பலகைப் பாலம் வந்துது. சலேத் நின்னா. என்னடான்னு பாத்தா, குனிஞ்சு ஷூவைக் கழட்டுதா! ரெண்டையும் கழட்டி, கரையில ஓரமா சேத்து வச்சிட்டு, பலகையைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டு, வெறுங்காலோட ஏறிட்டா. தோணியில அப்படித்தான், தம்பி. தண்டல் மிதியடியோட மேல்தட்டுல யாரையும் விடமாட்டாரு. அது இவ காலுக்கு மறக்கல போல. எடம் பொருள் தெரிய வேண்டாமா?

நாலு பேரு சிரிக்கப் போறான், மானம் போச்சுன்னு நான் நிக்கேன். நடந்தது என்ன தெரியுமா? பின்னால நின்ன ஒரு தடிச்ச அம்மா, இவளைப் பாத்துட்டு, அதுதான் இங்க சட்டம்னு நெனைச்சுக்கிட்டு, அவளும் குனிஞ்சு கழட்டுனா. அவ புருசன் கழட்டுனான். அதைப் பாத்து அடுத்தவன். பூட்ஸு, சாண்டல், பிள்ளைங்க செருப்பு, வரிசையா கரையில அடுக்குதாங்க. நம்ம ஊருன்னா ஒருத்தனாவது ஏன்னு கேப்பான். இவனுங்க ஒருத்தனும் கேக்கல! மேல நின்ன கப்பல் கேப்டன், வெள்ளைத் தாடி, எட்டிப் பாத்தான். சலேத் காலைப் பாத்தான், கழுவித் துடைச்ச பலகையைப் பாத்தான், செருப்பு வரிசையைப் பாத்தான். உடனே அவன் பூட்ஸையும் கழட்டித் தூக்கிட்டுப் போய் உள்ள வச்சுட்டு வந்து, இவளுக்கு ஒரு கும்பிடு போட்டான்.

நான் சொல்லிட்டேன், ஷூவைக் கழட்டித்தான் ஏறணும்னா எனக்கு அந்தக் கப்பலே வேண்டாம்னு.

"டாடி, கழட்டணும்னு யாருமே சொல்லல. நீங்க போட்டுக்கிட்டே வாங்க."

"எல்லாரும் கழட்டிட்டான்ல? அப்ப அது ரூல்தான். நான் ரூலை மீற மாட்டேன், கழட்டவும் மாட்டேன்."

சாக்ஸ்ல பெருவிரல்கிட்ட ஓட்டை வேற. அதை ஏன் எம்மவகிட்ட சொல்லணும்? சலேத் மேல நின்னு பாத்தா. வாங்கன்னு ஒரு வார்த்தை கூப்பிடல. கூப்பிட்டிருந்தா ஒருவேளை... இல்ல, போயிருக்க மாட்டேன். பலகையை எடுத்துட்டான். கப்பல் நகந்துட்டு.

அப்புறம் மூணு மணி நேரம் நான் என்ன செஞ்சேன்னு நெனைக்கீங்க? கயிறு கட்டுத இரும்புக் குத்தி ஒண்ணு மேல உக்காந்து, எழுவது ஜோடி செருப்புக்குக் காவல். ஒரு துறைமுகத்துக்கே கப்பல் நிறுத்துனவன்! போறவன் வாரவன் எல்லாம் போட்டோ எடுக்கான். கண்காட்சியில இதுவும் ஒண்ணுன்னு நெனைச்சுட்டான். ஒருத்தி வந்து ஒரு செவப்புச் செருப்பைப் போட்டு நடந்து பாத்துட்டு, இதுல ஒரு சைஸ் பெருசு இருக்கான்னு எங்கிட்டயே கேக்கா. கடைன்னு நெனைச்சுட்டா. கையை ஆட்டி வெரட்டுனேன். ஒரு நாய் வந்து மோந்து பாத்துது, அதையும் வெரட்டுனேன். ரெண்டாவது மணி நேரத்துல தூத்தல் போட ஆரம்பிச்சுது. கோட்டைக் கழட்டி மூடுனேன். எல்லாத்தையும் மூட கோட்டு காணுமா? கைக்கு எட்டுனதை மூடுனேன். சலேத் ஷூதான் பக்கத்துல இருந்துது. அதனாலதான் அது. நான் நனைஞ்சு போனேன். அது வேற விசயம்.

திரும்பி வந்தாங்க. பிரிஸ்கா ஓடி வந்து போன்ல வீடியோ காட்டுதா. "டாடி, மம்மியைப் பாருங்க!" பாத்தேன். பாய் ஏத்துதான். பத்துப் பேரு ஒரு கயித்தைப் பிடிச்சு இழுக்கான், நடுவுல இவ, சேலையை இடுப்புல சொருவிக்கிட்டு. கயித்தை மரக்கட்டையில சுத்திப் போடுதா, ஒருத்தனும் சொல்லித் தரல. பாய் காத்தைப் பிடிச்சு அப்படியே விரிஞ்சுது. கப்பல் ஒரு பக்கமாச் சாஞ்சுது. எல்லாவனும் எதையாவது பிடிக்கான். இவ எதையும் பிடிக்காம நின்னு சிரிக்கா. தலை பின்னால போவுது, பல்லு எல்லாம் தெரியுது.

அந்தச் சிரிப்பை நான் அதுக்கு முன்னால ஒரே ஒரு தடவைதான் பாத்திருக்கேன்.

எனக்கு எங்கிருந்து கோவம் வந்துதுன்னு தெரியல. "செருப்புக்குக் காவல் காக்க ஒரு கேனையன் கிடைச்சான்னு சிரிச்சியா"ன்னு கேட்டுட்டேன். அத்தனை பேரு முன்னால. அவ என் மூஞ்சியை நேராப் பாத்து, மெதுவா ஒண்ணு கேட்டா.

"அன்னைக்கு எங்க அப்பா வாசல்ல வந்து நின்னு கூப்பிட்டாரு. ஏன் விடல?"

முப்பத்தாறு வருசம் கழிச்சுக் கேக்கா! நான் என்ன சொன்னேன் தெரியுமா? "உங்க அப்பன் தோணியும் சரி, இதுவும் சரி, ஒண்ணுக்கும் உதவாத மரம்"னேன். அவ திரும்பி நடந்துட்டா. வெறுங்காலோட, அந்த ஈரத்துல, கார் வரைக்கும். ஷூவைத் திரும்பிக்கூடப் பாக்கல. நான்தான் எடுத்துட்டு வந்தேன். இன்னைக்கு வரைக்கும் அவ கேக்கல, நானும் குடுக்கல. ரப்பர் செருப்போடதான் ஏர்ப்போர்ட்டுக்கு வந்தா. பன்னெண்டு நாளாச்சு, எங்கிட்ட ஒரு வார்த்தை கிடையாது. சோறு போடுதா, சட்டை தேச்சு வைக்கா, பேச்சு மட்டும் இல்ல. பொம்பளைக்கு இவ்வளவு அழுத்தம் ஆவாது. நீங்களே சொல்லுங்க, என் மேல என்ன தப்பு?

என்ன தம்பி? அவ அப்படிச் சிரிச்ச அந்த முதல் தடவை எப்பன்னா கேக்கீங்க?

சொல்லுதேன். கல்யாணம் முடிஞ்சு ரெண்டாம் மாசம். புது மாப்பிள்ளைக்கு விருந்துன்னு மாமனார் எங்க ரெண்டு பேரையும் தோணியில ஏத்திட்டாரு. பட்டு வேட்டி, புதுச் சட்டை. நடுத்தட்டுல உக்கார வச்சு சீலாமீன் குழம்பு. அதெல்லாம் நல்லாத்தான் இருந்துது. அப்புறம் பாய் ஏத்துனாரு. கரை அப்படியே மேல போவுது, கீழ வருது. நான் என்ன செய்ய? எந்திரிச்சு ஓரத்துக்குப் போறதுக்குள்ள... மாமனார் கால் மேலயே வாந்தி எடுத்துட்டேன். தின்னது அத்தனையும். தோணியில பதினோரு பேரு. பதினோரு பேரும் சிரிச்சான். அவனுங்க கிடக்கான். அவளும் சிரிச்சா, தம்பி. மரத்துல சாஞ்சு நின்னுக்கிட்டு, அப்படியே. மாமனார் சிரிக்கல. ஒரு வாளி தண்ணி மோந்து முதல்ல என் வாயைக் கழுவி விட்டாரு, அதுக்கப்புறம்தான் அவர் காலைக் கழுவுனாரு. அது இன்னும் மோசமா இருந்துது எனக்கு.

அதுக்குப் பிறகு நான் எந்தக் கப்பல்லயும் ஏறுனதில்ல. முப்பத்தாறு வருசம் கப்பலுக்கு எடம் குடுத்தேன், ஒண்ணுல ஏறுனதில்ல. ஆபீஸ்ல ஒருத்தனுக்கும் தெரியாது. கௌரவமும் கிடையாது, கத்திரிக்காயும் கிடையாது. பயம். திரும்பவும் எடுப்பேன், திரும்பவும் அவ சிரிப்பான்னு பயம். அதுக்காக அந்தக் கிழவரை வாசல்லயிருந்து திருப்பி அனுப்பிட்டேன்.

இந்தக் கவர் எதுக்குன்னு இப்ப தெரிஞ்சிருக்குமே உங்களுக்கு.

நீங்க எந்திரிக்கப் போறீங்களா? பாத்ரூமா? பின்னால வரிசை நிக்கு, முன்பக்கமாப் போங்க. போற வழியில பதினேழாவது வரிசையில இந்தப் பையைக் குடுத்துருங்க. ஷூதான். ஈரம் போவ நல்லாத் துடைச்சு, உள்ள பேப்பர் வச்சிருக்கேன். ஒண்ணும் சொல்ல வேண்டாம். இல்ல, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அன்னைக்கு விடாததுக்குக் காரணம் பயம்தானாம்னு சொல்லுங்க. அவ்வளவு போதும்.

வந்துட்டீங்களா? ஏன் இவ்வளவு நேரம்? வாங்கிக்கிட்டாளா? சொன்னீங்களா? அப்படியே சொன்னீங்களா? என்ன சொன்னா?

ஒண்ணும் சொல்லலையா? சரி. எனக்குத் தெரியும்.

என்னது? சிரிச்சாளா? தம்பி, சரியாச் சொல்லுங்க. சும்மா உதட்டைச் சுழிச்சாளா, இல்ல தலை பின்னால போச்சா? பல்லு தெரிஞ்சுதா? கண்ணைத் துடைச்சாளா... சிரிச்சுக்கிட்டேவா? அந்தக் கைப்பை? பக்கத்து சீட்ல இருந்துதே, அது? எடுத்து மடியில வச்சுக்கிட்டாளா! நீங்க பாத்தீங்களா?

ஆடுதே. பெல்ட் விளக்கு வேற எரியுது. எரியட்டும். கொஞ்சம் காலை மடக்குங்க, நான் வெளிய வரணும். அந்த ரெண்டு கவரையும் இப்படிக் குடுங்க, பதினேழு வரிசை நடக்கணும். இருங்க, இதைக் கழட்டிக்கிடுதேன். ஓட்டை தெரிஞ்சாத் தெரியட்டும்.

தம்பி, நான் வார வரைக்கும் இந்த ஷூவைக் கொஞ்சம் பாத்துக்கிடுங்க.